மாகோனும் ஜாங் கும்மும்: வரலாற்றுத் தொடர் பார்ப்பவர்கள் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு வீடுகளில் ஓடுவது இப்போது பெரும்பாலும் அயல்நாட்டு அரண்மனைக் கதைதான். கொரிய மருத்துவச்சி, சீனப் பேரரசி, முகலாய அரண்மனைக்கு வந்த ராஜபுத்திர இளவரசி, துருக்கியக் குதிரைவீரன் என்று பலரும் தமிழில் பேசுகிறார்கள். தமிழ்க் குரல் கொடுக்கப்படாததைக் கீழே ஓடும் எழுத்தோடு பார்க்கிறோம். 2012இல் ரூபவாகினியில் 'சுஜாத தியணி' என்ற பெயரில் சிங்களத்தில் தொடங்கிய கொரியத் தொடரை, சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த எங்கள் பக்கத்து வீடுகளிலும் விடாமல் பார்த்தார்கள். அதற்கும் முன்பு, எண்பதுகளில், யப்பானின் 'ஓஷின்' வந்து பலரை அழவைத்துவிட்டுப் போனது.

இந்தத் தொடர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இரவு பார்த்ததை மறுநாள் பள்ளிக்கூடத்திலும் சந்தையிலும் அப்படியே நடந்த வரலாறாகக் கதைக்கிறோம். "அந்த ராணி பொல்லாதவளாம்", "அந்த நாட்டு ஆக்கள் அப்பவும் அப்படித்தானாம்" என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். நாளைக்கு எங்கள் மண்ணின் கதையை யாராவது தொடராக எடுத்தால் அதையும் இதே கண்ணோடுதான் பார்ப்போம். ஆகவே பார்க்கும் பழக்கத்தை இப்போதே சீர்செய்துகொள்வது நல்லது.

செய்ய வேண்டியவை

தொடக்கத்தில் வரும் அறிவிப்பை வாசியுங்கள். அது ஓடுகிற சில விநாடிகளில்தான் தண்ணீர் குடிக்க எழும்புகிறோம். 1990இல் இந்தியத் தூரதர்ஷனில் சஞ்சய் கானின் திப்பு சுல்தான் தொடர் வந்தபோது கடுமையான எதிர்ப்பும் வழக்கும் எழுந்தன. கடைசியில் இது பகவான் கித்வானியின் நாவலைத் தழுவிய கற்பனை, திப்புவின் உண்மை வரலாறு என்று உரிமை கோரவில்லை என்ற அறிவிப்போடுதான் அது ஒளிபரப்பானது. அந்த ஒரு வரியை வாசித்தவருக்கும் வாசிக்காதவருக்கும் மனத்தில் பதிகிற திப்பு வேறு வேறு ஆள்.

பாத்திரத்தின் பெயர் ஆவணத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தேடுங்கள். 'சுஜாத தியணி'யாக நாங்கள் பார்த்தது 2003இல் கொரியாவின் எம்பிசி தொலைக்காட்சியில் தொடங்கிய 54 பகுதித் தொடர். அதன் நாயகி ஜாங் கும் கற்பனைப் பெண் இல்லை. ஜோசொன் அரச வம்சத்தின் நாட்குறிப்பேடுகளில் அவள் பெயர் வருகிறது. அந்த ஏடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1392 முதல் 1863 வரை, 472 ஆண்டு நிகழ்ச்சிகள் 1,893 தொகுதிகளில் எழுதப்பட்டிருக்கின்றன. அரசருக்குப் பக்கத்திலேயே எழுத்தர் இருப்பார். அவர் எழுதியதை வாசிக்க அரசருக்கு உரிமை கிடையாது. 1404இல் தேஜோங் அரசர் வேட்டைக்குப் போன இடத்தில் குதிரையிலிருந்து விழுந்தார். எழும்பியதும் சுற்றிப் பார்த்து, இது எழுத்தருக்குத் தெரியக்கூடாது என்றார். எழுத்தர் அவர் விழுந்ததையும் எழுதிவைத்தார், தெரியக்கூடாது என்று சொன்னதையும் எழுதிவைத்தார்.

அப்படிப்பட்ட ஏட்டில் ஜாங் கும் பற்றி இருப்பது சில குறிப்புகள் மட்டுமே. 1515இல் பிரசவத்துக்குப் பின் அரசி இறந்தபோது, அவளுக்குத் தண்டனை கொடுக்க வேண்டும் என்று அமைச்சர்கள் கேட்டார்கள். ஜுங்ஜோங் அரசர் மறுத்தார். 1524இல் அவளுக்கு முழுச் சம்பளம் கொடுக்கும்படி உத்தரவு. 1544இல், அரசர் தன் கடைசி நோயில் கிடக்கும்போது, என் உடல்நிலை அந்த மருத்துவச்சிக்குத் தெரியும் என்கிறார். அவள் எப்போது பிறந்தாள், எப்போது இறந்தாள், யாரைக் கட்டினாள் என்பது ஏட்டில் இல்லை. அரண்மனைச் சமையற்கட்டில் அவள் வேலை செய்ததற்கும் ஆதாரம் இல்லை. தொடரில் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த சமையல் போட்டிகளும் காதலும் எழுத்தாளரின் கைவண்ணம்.

எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. ஆண் வைத்தியர்கள் நிறைந்த ஓர் அவையில், அரசர் தன் உடம்பை ஒரு பெண்ணின் கையில் நம்பிக் கொடுத்தார் என்ற ஒரே உண்மையைப் பிடித்துக்கொண்டு கதை வளர்கிறது. பிடித்த கொம்பு உறுதியானது. இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் தொடரின் மீது மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

யார் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இது. 2018இல் சீனாவில் ஒரே ஆண்டில் இரண்டு பெரிய அரண்மனைத் தொடர்கள் வந்தன. ஒன்று யான்ஷி அரண்மனையின் கதை, மற்றது ரூயியின் கதை. இரண்டுமே 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியான்லோங் பேரரசரின் அந்தப்புரத்தைப் பற்றியவை. முதல் தொடரில் வெய் குலத்துப் பெண் கதாநாயகி, நாரா குலத்துப் பேரரசி சூழ்ச்சிக்காரி. இரண்டாவதில் நாரா குலத்துப் பேரரசிதான் ரூயி, எங்கள் கண்ணீரெல்லாம் அவளுக்கு. வெய் குலத்தவள் கொடியவள். ஒரே அரண்மனை, ஒரே ஆட்கள், பாவமும் புண்ணியமும் மட்டும் இடம் மாறிவிட்டன.

ஆவணத்தில் இருப்பது என்ன? 1765இல் பேரரசரோடு தென்னாட்டுப் பயணம் போன இடத்தில் நாரா குலத்துப் பேரரசி தன் கூந்தலை வெட்டிக்கொண்டார். மஞ்சூரியர் வழக்கில் இழவுக்குத்தான் கூந்தலை வெட்டுவார்கள். கணவர் உயிரோடிருக்க வெட்டியது பெருங்குற்றமானது. அடுத்த ஆண்டே அவர் இறந்தார். பேரரசிக்குரிய மரியாதையோடு அடக்கம்கூட நடக்கவில்லை. வெய் குலத்துப் பெண்ணின் மகன் அடுத்த பேரரசரானார். அந்தக் கூந்தல் ஏன் வெட்டப்பட்டது என்பதுதான் இரண்டு தொடர்களும் ஆளுக்கொரு விதமாக நிரப்பிய இடைவெளி. முடிந்தால் இரண்டையும் பாருங்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர் ஒரு பக்கத்து வழக்கறிஞரின் வாதத்தைத்தான் கேட்டிருக்கிறார்.

எங்கள் மண்ணில் இதற்கு நேரான உதாரணம் மாகோன் என்கிற மாகன். 1215இல் கலிங்கத்திலிருந்து வந்து பொலனறுவையைப் பிடித்து 21 ஆண்டுகள் ஆண்ட மாகனைப் பற்றிச் சூளவம்சம் சொல்வதை வாசித்தால் உடம்பு நடுங்கும். 24,000 வீரரோடு வந்தவன், விகாரைகளை உடைத்தவன், ஏடுகளைக் கட்டவிழ்த்து எறிய விட்டவன் என்கிறது அது. இந்தப் பக்கம், எஃப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்' காட்டும் மாகோன் வேறு ஆள். கோயில்களுக்கு ஒழுங்கு வகுத்தவன், வன்னிமைகளை அமைத்தவன், இன்ன குடிக்கு இன்ன உரிமை என்று வரையறுத்தவன். சூளவம்சம் சங்கத்தின் இழப்பை எழுதிய பிக்குகளின் நூல். மான்மியத்துக்கு மூலமான ஏடுகளோ, கோயிலில் யாருக்கு என்ன உரிமை என்று நிலைநாட்ட வேண்டியிருந்த ஊர்ப் பெரியவர்களின் கையில் வளர்ந்தவை. இரண்டிலும் உண்மை இருக்கிறது, இரண்டிலும் எழுதியவரின் தேவையும் இருக்கிறது. மாகனை எடுக்கிற தொடர் கொழும்பிலிருந்து வந்தால் ஒரு முகமும் மட்டக்களப்பிலிருந்து வந்தால் இன்னொரு முகமும்தான் தெரியும். பார்ப்பவருக்கு இரண்டு நூலும் தெரிந்திருக்க வேண்டும்.

மான்மியம் எவ்வளவு பழையது, எது பிற்சேர்க்கை என்று எங்கள் அறிஞர்கள் வாதிடுவதைக் கண்டு சலிப்படைய வேண்டாம். கொரியாவிலும் இதே வாதம் நடக்கிறது. 2009இல் வந்த ராணி சொந்தொக் தொடரில் எல்லோரையும் கட்டிப்போட்ட மிசில் என்ற பெண், 'ஹ்வாராங் செகி' என்ற பிரதியில் மட்டும்தான் இருக்கிறாள். 1989இல் வெளியே வந்த அந்தப் பிரதி மெய்யான பழம் நூலா, பிற்காலத்தில் யாரோ எழுதியதா என்ற சண்டை அங்கே இன்னும் தீரவில்லை.

அடுப்படியைப் பாருங்கள். அரசவை வசனத்தில் பிழை பிடிக்க நூல் வேண்டும். அடுப்படியில் பிழை பிடிக்க ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: மிளகாய், சோளன், கச்சான், மரவள்ளி, பப்பாசி, மரமுந்திரி, தக்காளி, உருளைக்கிழங்கு, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த 1505க்கு முந்திய கதையில் இவற்றில் ஒன்று தட்டில் தெரிந்தாலும் படப்பிடிப்புக் குழு கவனிக்கவில்லை என்று பொருள். கொரியாவுக்கு மிளகாய் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் போய்ச் சேர்ந்தது. ஆகவே ஜாங் கும் வாழ்ந்த காலத்தில் இன்றைய செக்கச்சிவந்த கிம்சி கிடையாது. மாகோன் காலத்து வாவி இறால் கறியும் மிளகில்தான் காரம் பிடித்திருக்கும்.

பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. அவித்த சோளனைக் கடித்துக்கொண்டே, "இது மகாபாரதத்தில் இருந்திருக்குமா?" என்று அவர்களையே கேட்க விடுங்கள்.

கலியாணம் முடிந்து யார் யார் வீட்டுக்குப் போகிறார்கள் என்று கவனியுங்கள். இந்திய வரலாற்றுத் தொடர்களில் மணப்பெண் அழுதுகொண்டே பல்லக்கில் ஏறி மாமியார் வீட்டுக்குப் போகிற காட்சி கட்டாயம் உண்டு. ஆண்டாண்டு காலமாக எங்கும் அப்படித்தான் இருந்தது என்று எங்கள் பிள்ளைகளும் நம்பிவிடுகிறார்கள். அவர்கள் இருப்பதோ மட்டக்களப்பில். இங்கே வீடு மகளுக்கு. மருமகன்தான் பெண் வீட்டுக்கு வந்து சேர்கிறார். குடி தாய்வழியில் வருகிறது. கோயிலில் வண்ணக்கரும் பள்ளிவாசலில் மரைக்காயரும் குடியை வைத்தே வந்தார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் இது.

இதே வழக்கம் கொரியாவில் இருந்தது என்பதை ஒரு தொடரின் தயவால் நான் தேடித் தெரிந்துகொண்டேன். ஜாங் கும்மாக நடித்த லீ யங் ஏ, 2017இல் 'சைம்டாங்' என்ற தொடரில் ஓவியர் ஷின் சைம்டாங்காக நடித்தார். 1504 முதல் 1551 வரை வாழ்ந்த சைம்டாங், கலியாணத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் கங்னங் நகரில் தன் தாய்வீட்டில்தான் இருந்தார். புகழ்பெற்ற தத்துவ அறிஞரான அவருடைய மகன் யி ஐ 1536இல் பிறந்ததும் அந்த வீட்டில்தான். இன்று தாய் 50,000 வொன் தாளிலும் மகன் 5,000 வொன் தாளிலும் இருக்கிறார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து தங்குவது அக்காலக் கொரியாவின் சாதாரண வழக்கம். 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகுதான், கன்பூசிய ஒழுங்கு இறுகிய பின்னர், பெண் புகுந்த வீட்டுக்குப் போவது பொது விதியானது. எங்கள் அம்மம்மாமார் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள், "பின்னே எப்படி?" என்பார்கள். தொடர் பார்ப்பதால் வரும் மெய்யான இலாபம் இது. தூரத்து நாட்டில் தொடங்கி எங்கள் வளவுக்குள் வந்து நிற்கிறோம்.

செய்யக்கூடாதவை

ஒரு சனத்தையே வில்லனாக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். துருக்கியின் டிஆர்டி தொலைக்காட்சியில் 2014 முதல் 2019 வரை ஓடிய 'எர்துருல்' தொடரை 2020இல் பாகிஸ்தான் அரசுத் தொலைக்காட்சி உருதுவில் கொடுத்தது. காத்தான்குடி, ஏறாவூர்ப் பக்கத்திலும் அதை விரும்பிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். விறுவிறுப்பான தொடர் என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் எர்துருல் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. மகன் ஒஸ்மான் வெளியிட்ட நாணயத்தில் தந்தை பெயராக அவர் பெயர் இருக்கிறது. மற்றதெல்லாம் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்டவை. தொடரில் அடிக்கடி வந்து வழிகாட்டும் ஞானி இப்னு அரபி 1240இல் டமஸ்கஸில் இறந்தவர். இருவரும் சந்தித்ததற்குச் சான்று இல்லை. அப்படியிருக்க, தொடரில் வரும் பைசாந்தியரையும் மங்கோலியரையும் பார்த்துவிட்டு இன்றைக்கு வாழும் கிறிஸ்தவரையோ வேறு இனத்தவரையோ எடைபோடுவது எவ்வளவு பெரிய அநியாயம்.

முகலாயக் கதைகளைப் பார்த்துவிட்டு முஸ்லிம்களைப் பற்றிக் கதைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். எங்கள் ஊர்களில் பழைய சண்டையைக் கிளறுவதற்கு ஒரு காட்சித் துண்டு போதும். இரத்தம் சிந்திய வீதிகள் இவை.

மட்டக்களப்பிலேயே முக்குவர், திமிலர் சண்டைக் கதை ஒன்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. முக்குவருக்குத் துணையாகப் பட்டாணியர் வந்தார்கள், திமிலரை வடக்கே துரத்தினார்கள் என்பது கதை. ஏறாவூர், சத்துருக்கொண்டான், வந்தாறுமூலை என்று ஊர் ஊராக அந்தக் கதைக்குத் தடம் காட்டுவார்கள். தமிழரும் முஸ்லிம்களும் ஒரே அணியில் நின்றதாகச் சொல்லும் கதை என்பதால் அதை எடுத்துப் பெருமையாகக் காட்ட யாருக்கும் ஆசை வரும். தோற்றவர்களாகச் சொல்லப்படும் சமூகத்தின் பிள்ளைகளும் அதே வகுப்பறையில் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது.

நாவலைக் கல்வெட்டாக வாசிக்காதீர்கள். 'பொன்னியின் செல்வன்' படமாகித் தொலைக்காட்சிக்கும் வந்த பிறகு நந்தினியின் வரலாற்றைக் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். நந்தினியும் பூங்குழலியும் கல்கியின் படைப்பு. வந்தியத்தேவன் குந்தவையின் கணவராகத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறார். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருக்கின்றன. கொலையின் முழுப் பின்னணி அங்கேயும் இல்லை.

ஜோதா விடயமும் இப்படித்தான். அக்பர் 1562இல் ஆமேர் அரசர் பார்மலின் மகளை மணந்தது உண்மை. அக்காலத்து முகலாய நூல்கள் அவரை மரியம் உஸ் ஸமானி என்ற பட்டத்தால்தான் குறிக்கின்றன. ஜோதா பாய் என்ற பெயர் அக்பரின் மருமகளான ஜோத்பூர் இளவரசிக்கே பொருந்தும் என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. படமும் தொடரும் சேர்ந்து அந்தப் பெயரை மாமியாருக்கே நிரந்தரமாகச் சூட்டிவிட்டன.

இதிகாசத்துக்கு ஆண்டுக் கணக்குக் கேட்காதீர்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் கூத்தை மீளெடுத்தபோது 'இராவணேசன்' மேடையேறியது. மட்டக்களப்பு மண்ணின் மௌனகுரு அதில் இராவணனாக ஆடினார். அந்த இராவணனின் துயரத்தைக் கண்டு உருகியவர்கள் எவரும் அவன் பிறந்த ஆண்டைக் கேட்கவில்லை. வட்டக்களரியைச் சுற்றி விடிய விடிய இருந்து பழகியவர்களுக்கு இது தானாகவே வரும். கரப்புடுப்பும் முடியும் தரித்து வந்து நிற்பது தருமராசா என்றும் தெரியும், பக்கத்து வளவு அண்ணன் என்றும் தெரியும். 2018இல் டெரண தொலைக்காட்சியில் 'ராவணா' தொடர் தொடங்கியது. 2020 யூலையில் நாட்டின் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை, இராவணனின் வான்பயணம் பற்றிய நூல்களும் ஆவணங்களும் இருந்தால் தரும்படி பத்திரிகையில் விளம்பரம் செய்தது. இராவணனைக் கலையில் வைத்துப் போற்றுவோம். அவனை ஆதாரம் தேடும் கோப்புக்குள் அடைத்தால் கலையும் கெடும், வரலாறும் கெடும்.

சின்னப் பிழைக்காக முழுத் தொடரையும் தூக்கி எறியாதீர்கள். பட்டுச்சேலையின் கரை பொருந்தவில்லை, குதிரைச் சேணம் பொருந்தவில்லை என்பதெல்லாம் மன்னிக்கக்கூடியவை. பெயர் சொல்லி ஒருவரை நல்லவராக்குவதும் கெட்டவராக்குவதும்தான் மன்னிக்க முடியாத இடம்.

பிடிக்காததை நிறுத்தச் சொல்லிக் கூச்சல் போடாதீர்கள். 2021 மார்ச்சில் கொரியாவின் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 'ஜோசொன் எக்ஸார்சிஸ்ட்' என்ற தொடர் இரண்டு பகுதிகளோடு நின்றுபோனது. மெய்யான அரசர்களை இழிவாகக் காட்டியது, கொரிய மண்ணில் நடக்கும் காட்சியில் சீனப் பலகாரங்களையும் பொருட்களையும் வைத்தது என்று பார்வையாளர்கள் கொதித்தெழுந்தார்கள், விளம்பரதாரர் விலகினார்கள். மேசையில் இருந்த பலகாரத்தைக்கூட விடாமல் கவனித்த அந்த விழிப்பை நான் மதிக்கிறேன். நிறுத்தியதை ஏற்க என்னால் முடியவில்லை. 2013இல் 'பேரரசி கி' தொடரில் நடந்தது இதைவிடச் சிறந்த வழி. சுங்ஹே அரசர் கேடுகெட்ட நடத்தைக்குப் பெயர்போனவர். அவரை நல்ல காதலனாகக் காட்டப் போகிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்ததும், அந்த இடத்தில் வாங் யூ என்ற கற்பனை அரசரை வைத்தார்கள். கதை தப்பியது, உண்மையான பெயருக்குப் பொய்ப் புகழும் சேரவில்லை.

தொடரின் காட்சித் துண்டை வரலாற்று ஆதாரமாகப் பகிராதீர்கள். பரீட்சைத் தாளிலும் எழுதாதீர்கள்.

எங்கள் கதையை எடுக்க வருகிறவர்களுக்கு

மட்டக்களப்பிலிருந்து கமராவோடு புறப்படும் பிள்ளைகள் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களுக்கும் சில சொல்ல வேண்டும்.

1638ஐ எடுங்கள். புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டையை, கண்டி மன்னர் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தத் தளபதி அதாம் வெஸ்டர்வோல்ட் 1638 மே 18இல் பிடித்தார். ஒல்லாந்தர் இந்தத் தீவில் கைப்பற்றிய முதல் கோட்டை அது. ஐந்து நாள் கழித்து ஒப்பந்தம். பிடிக்கும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருப்பது மன்னர் விரும்பினால் மட்டுமே என்ற சொற்கள் மன்னரிடம் இருந்த பிரதியில் இருந்தன; ஒல்லாந்தர் வைத்திருந்த பிரதியில் அவை இல்லை. அந்தச் சில சொற்களால் ஒரு நாடு கைமாறத் தொடங்கிய இடம் எங்கள் வாவிக்கரை. இதற்கு மேல் என்ன திருப்பம் வேண்டும்? கற்பனை வில்லன் ஒருவனைக் கொண்டுவந்து இதைக் கெடுக்க வேண்டாம்.

எல்லோரையும் சினிமாத் தமிழில் பேச வைக்காதீர்கள். இராசசிங்கன் ஒல்லாந்தருக்குக் கடிதம் எழுதியது போர்த்துக்கேய மொழியில். அந்த மொழியின் வழிவந்த பேச்சை மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் இன்றும் கேட்கலாம். அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள், அவர்களையே நடிக்கக் கூப்பிடுங்கள். வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களையும் விட்டுவிடாதீர்கள். எந்தத் தொடரும் அவர்களைத் திரும்பிப் பார்த்ததில்லை.

கல்லடிப் பாலம் கண்ணில் படாமல் எடுங்கள். அது 1920களில் வந்தது. அதற்கு முன்பு அக்கரைக்குப் போக வேண்டுமானால் தோணிதான். மன்னர் உடுப்பை வாடகைக் கடையில் எடுக்காதீர்கள். ஒல்லாந்தர் வரைந்து வைத்த படங்கள் இருக்கின்றன. 1602இல் மட்டக்களப்பில் இறங்கிக் கண்டிக்குப் போன ஸ்பில்பெர்கனின் பயண நூலில் மன்னரைச் சந்திக்கும் படமே உண்டு. ஊர்ச் சடங்கைக் காட்டும் முன் அந்த ஊர் வண்ணக்கரையும் அண்ணாவியாரையும் கேளுங்கள். தெரியாத இடத்தில் கற்பனை செய்யுங்கள், செய்ததைத் தொடக்கத்தில் எழுதிப் போடுங்கள்.

எதை எடுப்பதற்கு முன்பும், பார்ப்பதற்கு முன்பும், நடராசாவின் 'மட்டக்களப்பு மான்மிய'ப் பதிப்பையும் வி. சீ. கந்தையா 1964இல் எழுதிய 'மட்டக்களப்புத் தமிழகம்' நூலையும் ஒரு தடவை வாசித்துவிடுங்கள். கடையில் கிடைக்காவிட்டாலும் இரண்டையும் நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். தொடர் ஓடும் அதே கைத்தொலைபேசியிலேயே அவை திறக்கும்.